திரைக்கு வெளியே நீளும் கை

சித்தி வேலை பார்த்தது மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வாசலில். உள்ளே பெண்கள் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவார்கள். ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொருவராக ஒரு சின்ன அறைக்குள் வந்து கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். சித்தி அவர்களைத் தடவிப் பார்ப்பாள். தோளில் தொடங்கி, முதுகில் இறங்கி, இடுப்பைச் சுற்றி வந்து கணுக்காலில் முடிப்பாள். செம்பு கடத்துகிறவர்கள் மெல்லிய கம்பியைத் தோலோடு ஒட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டு, மேலே துணியை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தட்டுப்பட்டால் காலடியில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே மணி அடிக்கும்.

தடவும்போது அவள் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. எதிரே சுவரில் பெயின்ட் உரிந்த இடம் ஒன்று இருந்தது, அதைத்தான் பார்ப்பாள். முகத்தைப் பார்த்தால் விரல் மழுங்கிவிடும் என்பது அவள் கட்சி. பெண்கள் அவளுக்கு ‘தடவல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கம்பி சுற்றும் ஒருத்தி, பெரிய குரல்காரி, தினமும் கையைத் தூக்கும்போதே தொடங்கிவிடுவாள்.

“மெதுவா தடவு தடவலக்கா. எங்க வீட்டுக்காரரு கூட இவ்வளவு அக்கறையா தொட்டதில்ல.”

சித்தி சிரிக்காமல் கணுக்கால் வரை போய் நிமிர்வாள். அடுத்த ஆள் வருவாள்.

அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். ஆண்கள் உள்ளே வரக் கூடாது. அதனால் சூப்பர்வைசருக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் திரையின் ஓரத்தில் கையை மட்டும் நுழைத்து ஆட்டுவார். ஒருநாள் அவருடைய மைத்துனி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சித்தியின் விரல் இடுப்பில் நின்றது. ஒரு சுற்று இல்லை, பல சுற்று. கால் பொத்தானுக்குப் போனது. அப்போது திரையோரத்தில் அந்தக் கை வந்தது. சித்தியின் தோளைத் தொட்டது.

“விடு. நம்ம ஆளுதான்.”

சித்தி காலை எடுத்துக்கொண்டாள். மைத்துனி போய்விட்டாள். அதன் பிறகு அந்தக் கை அடிக்கடி வந்தது. வருஷக் கடைசியில் செம்பு குறைகிறது என்று கணக்கு கேட்டார்கள். யாரையாவது காட்ட வேண்டுமே, பெரிய குரல்காரியைக் காட்டினார்கள். முற்றத்தில் எல்லோர் முன்னாலும் அவள் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்து உதறினார்கள். பையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவள் சித்தியைப் பார்த்து, “நீ சொல்லு தடவலக்கா, உன் கைக்குத் தெரியாதா” என்று கேட்டாள். சித்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘விடு’ என்பது சித்தியின் சொல்லும்தான். எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்வாள். என் அம்மா அவளுக்கு அக்கா; இருவருக்கும் மூத்தவர் மாமா. அம்மா கோபக்காரி. சித்திக்கு யாராவது அநியாயம் செய்தால் அம்மாதான் கொதிப்பாள். சித்தி அம்மாவின் முழங்கையைப் பிடித்து “விடுக்கா” என்பாள். அம்மா அடங்கிவிடுவாள். அந்தப் பிடியில் ஏதோ இருந்தது. அடுப்பை அணைத்த மாதிரி சட்டென்று அடங்கும்.

சித்திக்கு இருபதுகளின் கடைசியில் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயிருந்தன. அம்மா அப்போது என்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அவளால் கொடுக்க முடியாது. மாமா கொடுத்தார். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இரும்பு கேட் செய்கிற வெல்டிங் பட்டறைக்காரர், ஊசியைக் கண்டாலே முகம் வெளுக்கிற ஆள், அறுவைக்கு முந்தின சாயங்காலம் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதார் என்று அம்மா சொல்வாள். அழுதுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். கொடுத்தது நிஜம்.

கொடுத்ததை அவர் விடவில்லை என்பதும் நிஜம்.

மாற்று கிட்னியை முதுகுப்பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றில், வலது பக்கம், தோலுக்கு அடியிலேயே வைக்கிறார்கள். கை வைத்தால் தெரியும். மாமா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்த இடத்தில் ரெண்டு தட்டு தட்டுவார், பழைய சிநேகிதனைத் தட்டுவது போல.

“என்ன பாப்பா, என் ஆளு எப்படி இருக்கான்?”

விருந்தாளிகள் முன்னால் தட்டுவார். தெருவில் தட்டுவார். சித்தி உப்பு போட்டுக்கொண்டால், “அவனுக்கு ஆகாது” என்று தட்டை நகர்த்துவார். சித்தி கொஞ்சம் நேரம் கழித்துத் தூங்கினால், “என் ஆளத் தூங்க விட மாட்டியா” என்பார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அத்தை, அதாவது மாமாவின் மனைவி மட்டும் சிரித்தாள்.

தொழிற்சாலையில் மோட்டாரை ஓட்டிப் பார்த்துச் சரி என்று முத்திரை குத்தும் டெஸ்டர் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர். சித்தியைக் கேட்டு அம்மாவிடம் வந்தார். கிட்னி விஷயம் தெரிந்துதான் வந்தார். மாமா அவரைப் பட்டறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சட்டையைத் தூக்கி விலாவோரத் தழும்பைக் காட்டினார். இந்தத் தழும்புக்கு அந்த வீட்டில் யார் பொறுப்பு, ராத்திரி பகல் யார் பார்த்துக்கொள்வது, பிள்ளை கிள்ளை என்று ஆசைப்பட்டு அது கெட்டுப்போனால் புதிது நீங்கள் தருவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டெஸ்டர் டீயைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார். அம்மா பட்டறைக்குப் போய்க் கத்தத் தயாரானாள். சித்தி முழங்கையைப் பிடித்தாள். விடுக்கா.

வீடும் அப்படித்தான் போனது. கீழே பட்டறை, மேலே இரண்டு அறை. தாத்தா மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாக விட்டுப்போனது. அம்மாவின் பங்கைக் கல்யாணத்தின்போதே கழித்துவிட்டார்கள். சித்தியின் பங்கை மாமா கேட்கவில்லை. ‘நான் உடம்பையே குடுத்தேன்’ என்று மட்டும் சொன்னார். சித்தி போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். மேலே இருந்த அறையைக் காலி செய்து எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தாள். அம்மா அன்றைக்குச் சொன்னது எங்கள் வீட்டில் பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது: “விடு விடுன்னு சொல்லி வீட்டையே விட்டுட்டு வந்திருக்கா.”

அடுத்தவர் உறுப்பை உடம்பில் வைத்துக்கொண்டால் உடம்பின் காவலை மட்டுப்படுத்தும் மாத்திரைகளை ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். சித்தி விழுங்கினாள். காவல் குறைந்த உடம்பில் என்ன வேண்டுமானாலும் முளைக்கும். அவளுக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு புண் முளைத்தது. ஆறவில்லை. வெட்டி எடுத்தார்கள். தோலில் வரும் புற்றுநோய் என்றார்கள். மறுபடி வெட்டினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்தது. பிறகு கழுத்தில் கட்டி வந்தது, பக்கத்திலேயே இன்னொன்று. கழுத்தைத் திருப்ப முடியாமல் சித்தி உடம்போடு சேர்த்துத் திரும்ப ஆரம்பித்தாள். தொழிற்சாலையில் பெண்கள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

புற்றுநோய் டாக்டர் ஒரு பெண். நாங்கள் வீட்டில் பேசாத மொழியில் படித்தவர், பாதி அந்த மொழியிலும் பாதி தமிழிலும் பேசினார். விட்டுப்போனதை நான் சித்திக்குச் சொன்னேன். வெட்டவும் இடமில்லை, கதிருக்கும் இடமில்லை, ஒரு மருந்து இருக்கிறது, ஆனால் இவர்களுக்கு அதைக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். ஏன் பயம் என்று மாமா கேட்டார். அன்றைக்கு அவரும் வந்திருந்தார்.

டாக்டர் எழுந்து, பரிசோதனைக் கட்டிலைச் சுற்றி இருந்த திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். திரையின் பிளவு வழியாக ஒரு கை மட்டும் மணிக்கட்டுவரை வெளியே வந்தது.

இந்தத் திரைதான் காவல் செல்லின் தோல் என்று உள்ளேயிருந்து சொன்னார். ரத்தத்தில் சுற்றுகிற காவல் செல்கள் மற்ற செல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கின்றன. அன்னியமாக ஏதாவது தட்டுப்பட்டால் உள்ளே மணி அடிக்கும், அந்த செல்லைக் கொன்றுவிடும். ஆனால் கொன்றுகொண்டே போனால் சொந்த வீட்டையும் எரித்துவிடும் அல்லவா. அதனால் ஒவ்வொரு காவல் செல்லும் இப்படி ஒரு கையை வெளியே நீட்டி வைத்திருக்கிறது. ஒரே புரதம். வெளியே தெரிவது உள்ளங்கை. இரண்டு தகடுகளை முகத்தோடு முகம் சேர்த்து ஒட்டியது போல மடிந்த பாகம். அதற்குக் கீழே மெலிந்த காம்பு, என் மணிக்கட்டு மாதிரி. அப்புறம் ஓர் இழை திரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. உள்ளே ஒரு வால் தொங்குகிறது.

எனக்கு அங்கேதான் நாக்கு தடுமாறியது. கல்லூரியில் உயிரியல் படிக்கும்போது அதற்கு ‘தடுப்பு ஏற்பி’ என்று தமிழில் எழுதியிருக்கிறேன். சித்தியிடம் அதைச் சொன்னால் ஊசி போடும் தடுப்பு என்று நினைத்துக்கொள்வாள். கை என்றே சொன்னேன்.

டாக்டர் திரைக்கு வெளியே நீட்டிய கையை ஆட்டி, யாராவது இதைப் பிடியுங்கள் என்றார். மாமா சங்கடமாகச் சிரித்தார். சித்தி எழுந்து போய்ப் பிடித்தாள்.

இப்படி வெளியே பிடித்தால், உள்ளே தொங்கும் வாலில் இரண்டு இடங்களில் அடையாளம் விழுகிறது என்றது திரை. அந்த அடையாளத்தைப் பார்த்து இன்னொரு புரதம் ஓடிவந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும். அதன் வேலை அழிப்பது. மணி அடிப்பதற்காகப் பக்கத்தில் போட்டு வைத்திருந்த குறிகளை ஒவ்வொன்றாக அழித்துவிடும். மணி பாதியில் நின்றுபோகும். காவல் செல் சாவதில்லை. கண் முன்னால் எதிரி நின்றாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

கழுத்துக் கட்டி செய்வது அதுதான், அது ஒளிந்துகொள்ளவில்லை, காவல் வரும்போது கையைப் பிடித்துக்கொள்கிறது என்று முடித்தார்.

சித்தி அந்தக் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு என்னிடம், “விடு, நம்ம ஆளுதான்னு சொல்லுது, அப்படித்தான?” என்றாள்.

அப்படித்தான் என்றேன்.

மருந்து எதையும் கொல்வதில்லை. அது ஓர் எதிர்ப்பொருள். நேராகப் போய் அந்த உள்ளங்கையின் மேல் உறை போட்டது போல உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் யாரும் அந்தக் கையைப் பிடிக்க முடியாது. காவல் யார் சொல்லையும் கேட்காமல் வேலையைப் பார்க்கும். டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தியின் அடிவயிற்றைக் காட்டினார். உள்ளே இருக்கும் கிட்னியும் இத்தனை வருஷமாக அதே கையைத்தான் பிடித்துக்கொண்டு பிழைத்திருக்கிறது. மாத்திரை பாதி, இந்தப் பிடி பாதி. மருந்துக்கு இது கட்டி, இது கிட்னி என்று தெரியாது. கட்டி கரையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கிட்னி போகவும் ஏறக்குறைய அதே அளவு. மருந்து போடாவிட்டால் கிட்னிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கட்டி நிற்காது. அடுத்து மூச்சுக்குழாயை நெருக்கும்.

கிட்னி போனால் டயாலிசிஸ் இருக்கிறது, மூச்சுக்குழாய்க்கு ஒன்றும் இல்லை என்று நான் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமா குறுக்கே வந்தார்.

“அப்போ என் கிட்னி?”

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் ஏதோ தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன் என்பது போல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா எல்லோரையும் பட்டறைக்கு வரச் சொன்னார். அரைகுறையாக நின்ற ஒரு கேட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேசினார். வேறு டாக்டர் பார்க்கலாம், மூலிகை பார்க்கலாம், எவ்வளவோ பேர் கட்டியோடு காலம் தள்ளுகிறார்கள். நான் என்ன அவள் சாக வேண்டும் என்றா சொல்கிறேன். ஆனால் தெரிந்தே அதைக் கொல்லக் கூடாது. அத்தை உள்ளேயிருந்து வந்து, மழை பெய்தால் இன்னும் அந்தத் தழும்பு வலிக்கிறது, ராத்திரியெல்லாம் தைலம் தேய்த்துவிடுகிறவள் நான் என்றாள். மாமா சட்டையைத் தூக்கினார். நாங்கள் எல்லோரும் நூறு தடவை பார்த்த தழும்பை மறுபடி பார்த்தோம்.

“இது உன் வயித்துல இருக்கலாம் பாப்பா. ஆனா அது என் ரத்தம். அத கொன்னுட்டு என் மூஞ்சில முழிக்காத.”

அம்மா எழுந்துவிட்டாள். அப்போ அவ செத்தா பரவாயில்லையா, உன் கிட்னி அவளோட சேர்ந்துதான புதையும், அப்போ யாரு வயித்தத் தட்டுவ என்று கேட்டாள். மாமாவின் முகம் சிவந்தது. இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார், வேறு எதுவும் செய்யத் தெரியாமல். சித்தி உடம்போடு திரும்பி அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

“விடுக்கா,” என்றாள். பிறகு மாமாவைப் பார்த்து, அதே குரலில், “விடுண்ணே. விட்டுடலாம்.”

மாமாவின் தோள் தளர்ந்தது. அவள் என்றைக்கும் சொல்கிற சொல்தான். என்றைக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் வந்து சித்தியின் வயிற்றில் ரெண்டு தட்டு தட்டினார். அத்தை டீ போட்டாள். மறுநாள் மாமா ஒரு பை ஆப்பிள் அனுப்பினார். எதை விட்டுவிடலாம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரமே சித்தி என்னை மட்டும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்தாள். சின்னப் பை, தண்ணீர் மாதிரி நிறமில்லாத மருந்து. ஏறி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. டாக்டர் கிட்னியைக் காப்பாற்ற மாத்திரைகளை மாற்றிக் கொடுத்திருந்தார். முடிந்தவரை பார்ப்போம் என்றார். இதற்கா இவ்வளவு சண்டை என்பது போலச் சித்தி பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து ஆப்பிள் வெட்டினாள்.

இரண்டாவது தடவை மருந்து ஏறியதற்குப் பிறகு கழுத்துக் கட்டி சிவந்து, பழுத்ததுபோல் மிருதுவானது. ஒருநாள் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்று கழுத்தை மட்டும் திருப்பினாள். திரும்பியது. அம்மா கதவோரத்தில் நின்று அழுதாள்.

அதே வாரம் அடிவயிறு வலிக்க ஆரம்பித்தது. மாமா தட்டும் இடம் கல்லாக இறுகியது. சிறுநீர் குறைந்து, சிவந்து, பிறகு நின்றது. ஸ்டீராய்டைக் கொட்டினார்கள். ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே முழுக்கக் காவல் செல்கள் நெருக்கியடித்து நிற்பதாக டாக்டர் சொன்னார். கட்டியைத் தின்ற அதே கூட்டம். சித்தி கேட்டுக்கொண்டு, “ரெண்டு பேரும் ஒரே கையதான் பிடிச்சிருந்தாங்க” என்றாள்.

மாமாவுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. வார்டுக்கு வந்தார். வேலை உடையிலேயே வந்திருந்தார். கண்ணில் போடும் கறுப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. கட்டிலருகே வந்ததும் பழக்கத்தில் கை போய்த் தட்டியது. சித்தி அலறினாள். அவள் அலறி நான் கேட்டது அது ஒன்றுதான். மாமா கையை உதறிக்கொண்டார். தொட்டதே அவரைச் சுட்டதுபோல் இருந்தது.

“கொன்னுட்டியா?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்துப் பேசினார். அண்ணன் அறுத்துக் கொடுத்தான், இவள் கொன்றுவிட்டாள், அதுவும் விட்டுவிடலாம் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு. ஒரு கிழவர் உச்சுக்கொட்டினார். அதில் தெம்பு வந்து மாமா கட்டில் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. அதனால்தான் எல்லோருக்கும் கேட்டது.

“அன்னைக்கே உன்னச் சாக விட்டிருக்கணும்.”

அம்மா அசையவில்லை. முழங்கையைப் பிடிக்க ஆள் இல்லாமல் அம்மா சும்மா நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சித்தி தலையணையில் கழுத்தைத் திருப்பி மாமாவை நேராகப் பார்த்தாள். “நாளைக்குக் காலைல அத எடுத்துடுறாங்க அண்ணே. காய்ச்சல் விட மாட்டேங்குது, உள்ள வெச்சிருக்கக் கூடாதாம். ஆபரேஷன் ரூம் வாசல்ல வந்து நில்லு. உன் ஆள வாங்கிட்டுப் போ.”

மாமாவுக்குப் புரியவில்லை. “எனக்கு எதுக்கு அது?”

“வேணாமா? அப்புறம் எதுக்கு இத்தன வருஷமா கேட்டுட்டே இருந்த?”

மாமா கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்து மடக்கிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு போய்விட்டார். மறுநாள் வாசலில் யாரும் நிற்கவில்லை. எடுத்ததை மூடிய வாளியில் போட்டுத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அதைத் தள்ளிக்கொண்டு போனவர் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

கழுத்தில் இப்போது கட்டி இல்லை. இல்லை என்றுதான் டாக்டர் சொல்கிறார்; தேடிக்கொண்டே இருக்கிறோம் என்றும் சொல்கிறார். காவல் அதோடு நிற்கவில்லை. சித்தியின் தைராய்டைத் தின்றது. விரல் மூட்டுகளைத் தின்றது. விரல்கள் வாழைப்பூ நிறத்தில் வீங்கி மடங்க மறுத்தன. தொழிற்சாலையில் போய் நின்றாள். கணுக்கால்வரை குனிய முடிந்தது, ஆனால் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருத்தி இடுப்பில் கம்பியோடு அவள் கையைத் தாண்டிப் போய், வெளியே புதிதாக வைத்திருந்த, உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் எந்திரத்தில் மாட்டிக்கொண்டாள். திரையை எடுத்துவிட்டு அந்த எந்திரத்தையே அங்கே வைத்துவிட்டார்கள். சித்தியை அனுப்பிவிட்டார்கள். அம்மா தன் கிட்னியைத் தருகிறேன் என்றாள். டாக்டர் தலையை அசைத்தார். இந்த உடம்பு இனி யாருடையதையும் ஏற்காது.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் தடிமனான இரண்டு ஊசி, ரத்தம் ஒரு குழாயில் போய் ஒரு குழாயில் வரும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. மாமா தெருவில் இன்னும் தழும்பைக் காட்டுகிறார் என்று கேள்வி. கதையின் முடிவை மட்டும் மாற்றிவிட்டார்.

போன மாதம் நான் சித்தியோடு இருந்தபோது அவர் டயாலிசிஸ் அறைக்கு வந்தார். அவர் மகளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருக்கிறது. பையன் வீட்டார் எங்கேயோ விசாரித்திருக்கிறார்கள்; கூடப்பிறந்த தங்கையைக் கைகழுவிய வீடாமே என்று கேட்டார்களாம். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நல்ல குரலில் பேசினார். பழையது பழையதோடு போகட்டும். பையன் வீட்டார் முன்னால் ஒருநாள் வந்து நின்றால் போதும், பேசக்கூட வேண்டாம், அண்ணன்தான் எனக்கு எல்லாம் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. நான் உனக்கு என்ன செய்யவில்லை, சொல். சித்தி குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எழுந்தார். எழுந்தவரின் கை, பழக்கத்தில், அவள் அடிவயிற்றை நோக்கிப் போனது.

சித்தியின் வலது கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

மடங்காத விரல்கள். எப்படி மடங்கின என்று தெரியவில்லை. மாமா முதலில் சிரித்தார். பிறகு கையை இழுத்துப் பார்த்தார். பலமாக இழுத்தால் சித்தியின் உடம்பு அசையும், அந்தப் பக்கம் ஊசி விலகும். அவருக்கும் அது தெரிந்தது. நர்ஸ் இரண்டு படுக்கை தள்ளி யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“விடு,” என்றார்.

சித்தி எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரில் பெயின்ட் உரியவில்லை, ஒன்றும் இல்லை.

“விடு பாப்பா. நான்தான்.”

எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் சித்தியின் முழங்கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். பிடிக்கவில்லை.